கிம்ச்சியும் கடுகும்



போர்க்களத்தில் நிற்கும் வீரனுக்கு என்னென்ன தேவை என்று கேட்டால் துப்பாக்கி, தோட்டா, மருந்து, காலணி என்று நாம் அடுக்கிக்கொண்டே போவோம். தென்கொரியக் குடியரசுத் தலைவராக இருந்த பார்க் சுங் ஹீ, 1967ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான்சனுக்கு எழுதிய கடிதத்தில் வேறொரு தேவையைக் குறிப்பிட்டார். வியட்நாமில் அமெரிக்கப் படையோடு சேர்ந்து போரிட்டுக்கொண்டிருந்த தம் வீரர்களுக்குக் கிம்ச்சி கிடைக்க வழி செய்யவேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். அமெரிக்கர் அளித்த உணவில் இறைச்சிக்கும் இனிப்புக்கும் குறைவில்லை. ஆயினும் கிம்ச்சி இல்லாத சாப்பாடு அவ்வீரர்களுக்குச் சாப்பாடாகப் படவில்லை. பின்னர்த் தகர டப்பாக்களில் அடைத்த கிம்ச்சி வியட்நாமுக்குச் சென்றது. புளித்துக்கொண்டிருக்கும் பொருளை டப்பாவில் அடைப்பது எளிய வேலை அன்று. புளிப்பு தகரத்தை அரிக்கும். உள்ளே எழும் வாயு டப்பாவையே வீங்கச் செய்யும். இத்தனை தொல்லையையும் மேற்கொண்டு அதனை அனுப்பினார்கள்.

உங்களில் பலருக்கு இப்பெயர் புதிதாக இராது. கொரிய நாட்டுத் தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்துவிட்டு, ‘அந்தச் சிவப்புக் கறி எப்படியிருக்கும் ஐயா?’ என்று என்னிடம் கேட்ட மாணவியர் உண்டு. சென்னைக்கு மேற்கே கொரிய நிறுவனமொன்றின் கார்த் தொழிற்சாலை 1990களின் இறுதியில் இயங்கத் தொடங்கியபின், கொரியக் குடும்பங்கள் நம்மிடையே வந்து வாழ்கின்றன. அவர்களுக்கென உணவகங்களும் ஏற்பட்டுள்ளன. அம்மா, அப்பா என்னும் நம் சொற்களை ஒத்த சொற்கள் கொரிய மொழியிலும் இருப்பதைக் கொண்டு பழைய உறவு பேசுவாரும் உளர். அந்த வழக்கிற்குள் நான் இன்று நுழையப் போவதில்லை. கொரியருக்கும் நமக்கும் ஐயமற்ற உறவு ஒன்று சமையலறையிலேயே இருக்கிறது. அதனை முடிவில் சொல்லுகிறேன்.

கிம்ச்சி என்பது உப்பிட்டுப் புளிக்கவைத்த காய்கறி. முள்ளங்கியில் செய்வது உண்டு. மிளகாய் சேராத வெள்ளைக் கிம்ச்சி உண்டு. நீராகப் பருகத்தக்கதும் உண்டு. ஆனால் பெயரைச் சொன்னவுடன் நினைவுக்கு வருவது சீனக் கோசில் செய்வதே. நம் முட்டைக்கோசு உருண்டை. சீனக் கோசு நீண்டது, இலை மென்மையானது. அதனை நெடுக்காகப் பிளந்து பல மணி நேரம் உப்பில் ஊறவைப்பார்கள். பிறகு கழுவி வடித்து, மிளகாய்ப்பொடி, பூண்டு, இஞ்சி, சீவிய முள்ளங்கி, உப்பிட்டுப் பதப்படுத்திய சிறு இறால் அல்லது மீன்சாறு ஆகியவற்றைக் கலந்த விழுதை ஒவ்வோர் இலைக்கும் இடையில் தடவுவார்கள். பிறகு காற்றுப் புகாமல் சாடியில் அழுத்தி அடைத்துவிடுவார்கள்.

சாடிக்குள் நடப்பது கவனிக்கத்தக்கது. கோசை அழுகச் செய்யும் நுண்ணுயிர்களுள் பல, உப்பில் தழைப்பதில்லை. உப்பைத் தாங்கும் வேறு சில நுண்ணுயிர்கள் கோசிலுள்ள சர்க்கரையை உண்டு லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. அமிலம் பெருகப் பெருக, அழுகச் செய்வனவற்றுக்கு இடமில்லாமற் போகிறது. இவ்வேலையைத் தொடங்குவனவற்றுள் லியூக்கோநாஸ்டாக் என்பது முதன்மையானது. அது அமிலத்தோடு கரியமில வாயுவையும் விடுவதால்தான் இளங்கிம்ச்சியில் நாக்கைச் சற்றே குத்தும் ஒரு துடிப்பு இருக்கிறது. இதே லியூக்கோநாஸ்டாக்தான் நம் வீட்டு இட்லி மாவை இரவெல்லாம் பொங்கச் செய்கிறது என்றால் வியப்பாக இல்லையா? நம் ஊறுகாயோ பெரும்பாலும் மிகுந்த உப்பாலும் எண்ணெயாலும் காக்கப்படுவது. எனவே கிம்ச்சியைக் கொரிய ஊறுகாய் என்று சொல்வது முற்றும் பொருந்தாது. செய்முறையில் அது இட்லி மாவுக்கே நெருங்கிய சுற்றம்.

கொரியாவின் குளிர்காலம் கொடியது. மண் உறைந்து கிடக்கும் மாதங்களில் பச்சைக் காய்கறி முளைக்காது. ஆகவே நவம்பர் வாக்கில் குடும்பத்தாரும் அயலாரும் கூடி, குளிர்காலம் முழுமைக்கும் வேண்டிய கிம்ச்சியை ஒருசேரச் செய்து, மண்சாடிகளில் நிரப்பி நிலத்தில் புதைத்துவைப்பது வழக்கமாயிற்று. புதைத்த சாடி உறையவும் உறையாது. விரைந்து புளிக்கவும் புளிக்காது. கிம்ஜாங் எனப்படும் இக்கூட்டுவேலையை யுனெஸ்கோ நிறுவனம் 2013இல் தென்கொரியாவின் பெயரிலும், 2015இல் வடகொரியாவின் பெயரிலும் மனிதகுலப் பண்பாட்டுச் செல்வமாகப் பதிவு செய்தது. துப்பாக்கி ஏந்தி எதிரெதிரே நிற்கும் இரு நாடுகளும் ஒரே சாடியில் கைவிடுகின்றன! இன்று நகரத்து அடுக்குமாடி வீட்டில் புதைக்க மண் ஏது? அந்நிலத்தின் குளிர்ச்சியை ஒத்த குளிர்ச்சி தரும் தனிக் கிம்ச்சிப் பெட்டிகள் 1990களின் நடுவிலிருந்து வீடுதோறும் புகுந்துவிட்டன.

இவ்வளவு தொன்மையான உணவில் எது எப்போது வந்தது என்று பார்ப்போம். முள்ளங்கியை உப்பிலிட்டுக் குளிர்காலத்துக்குச் சேமிப்பதை 13ஆம் நூற்றாண்டிலேயே யி கியூபோ என்னும் கொரியப் புலவர் பாடியிருக்கிறார். அந்தப் பாட்டில் மிளகாய் இல்லை, இருக்கவும் முடியாது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. அது கொரியாவை அடைந்தது 16ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி என்பது ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் கருத்து. 1614இல் யி சுக்வாங் என்பார் எழுதிய நூல், அதனை ஜப்பானியக் கடுகு என்று மக்கள் அழைப்பதாகவும், அது நச்சுத்தன்மை மிக்கது என்றும் கூறுகிறது. தெரியாத பொருளுக்குத் தெரிந்த காரத்தின் பெயரைச் சூட்டுவது மனித இயல்பு. நம் முன்னோர் மிளகைக் கொண்டு மிளகாய் என்றார்கள். அவர்கள் கடுகைக் கொண்டு பெயரிட்டார்கள்.

சரி, கோசாவது பழையதா? பழைய கொரியக் கோசு இன்றுபோல் இறுகிய தலையுடையதன்று. இலைகள் தளர்ந்து விரிந்திருக்கும். இன்றைய கட்டுக்கோப்பான கோசு அந்நாட்டில் நிலைபெற்ற வரலாற்றில், நீங்கள் அறியவேண்டிய ஒரு மனிதர் இருக்கிறார்.

அவர் பெயர் ஊ ஜாங் சூன். 1898இல் தோக்கியோவில் பிறந்தார். தாய் ஜப்பானியர், தந்தை கொரியப் படை அதிகாரி. 1895இல் கொரிய அரசி மின் கொலையுண்டபோது, அச்சதியில் பங்கு கொண்டு ஜப்பானுக்கு ஓடியவர் அத்தந்தை. 1903இல் அவரும் ஒரு கொரியரால் கொல்லப்பட்டார். ஐந்து வயதுப் பிள்ளை வறுமையில் வளர்ந்து, பயிர் நூல் கற்று, விதை ஆராய்ச்சியில் தலைசிறந்து விளங்கினார். கொரியா ஜப்பானிய ஆட்சியின்கீழ் இருந்த அக்காலத்திலும், தம் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ஊ என்னும் கொரியக் குடிப்பெயரை அவர் விடவில்லை.

1945இல் கொரியா விடுதலை பெற்றது. அதுவரை கோசு, முள்ளங்கி விதைகளுக்கு ஜப்பானையே நம்பியிருந்த நாட்டுக்கு அந்த வரவு நின்றது. விதையின்றேல் கோசு இல்லை. கோசின்றேல் குளிர்காலத்தில் மக்கள் எதை உண்பது? துரோகியின் மகன் என்று தூற்றப்படக்கூடிய அவரையே நாடு அழைத்தது. மனைவி மக்களை ஜப்பானில் விட்டுவிட்டு, 1950 மார்ச்சில் அவர் புசான் நகருக்கு வந்தார். ஜூனில் போர் மூண்டது. வடகொரியப் படையின் கைக்கு எட்டாமல் தப்பிய தென்கிழக்கு மூலையில் புசான் இருந்ததால், அவருடைய விதை வேலை நிற்கவில்லை. 1953இல் தாயார் இறந்த செய்தி வந்தபோது, ஜப்பான் சென்றுவர அரசு அவருக்கு அனுமதி தரவில்லை. துக்கம் கேட்டவர்கள் அனுப்பிய பணத்தைக் கொண்டு, நீர் அருகிய தம் ஆராய்ச்சிப் பண்ணையில் ஒரு கிணறு வெட்டித் தாய்ப்பால் ஊற்று என்னும் பொருள்படப் பெயரிட்டார். 1959 ஆகஸ்டில் காலமானார். அவரும் அவருடைய மாணவர்களும் உருவாக்கிய கோசு, முள்ளங்கி வகைகளால் கொரியா தன் விதையைத் தானே விளைவிக்கும் நிலையை அடைந்தது. அந்த அரசு செய்ததை நான் ஏற்கமாட்டேன். தாயின் முகத்தை இறுதியாகக் காணவிடாத தேவை எதுவும் இருந்திருக்க முடியாது.

இனி, நான் முன்னர்ச் சொன்ன உறவுக்கு வருவோம். 1935இல் ஊ ஜாங் சூன் வெளியிட்ட கட்டுரை உலகப் புகழ் பெற்றது. கோசுக் குடும்பத்தில் மூன்று மூலச் செடிகள் உண்டு. சீனக் கோசு சேர்ந்த இனத்தின் குரோமோசோம் தொகுதியில் 10, கருங்கடுகில் 8, முட்டைக்கோசில் 9. இவற்றை முக்கோணத்தின் மூன்று முனைகளில் வைத்தால், இரண்டிரண்டு சேர்ந்து பிறந்த மூன்று இனங்கள் பக்கங்களில் அமைகின்றன. 10உம் 9உம் சேர்ந்து 19 ஆன எண்ணெய்ச் செடியை அவர் செயற்கையாகவே கலந்து உண்டாக்கிக் காட்டினார். 9உம் 8உம் சேர்ந்தது 17. அது எத்தியோப்பியாவின் கடுகு. 10உம் 8உம் சேர்ந்து 18 ஆனது எது தெரியுமா? இன்று நம் நாட்டில் பெருவாரியாக விளைந்து, உங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலிருந்து தாளிக்கும் எண்ணெயில் வெடிக்கிறதே, அந்தக் கடுகு! கிம்ச்சிக் கோசின் இனம் அதற்கு ஒரு பக்கத்துப் பெற்றோர்.

கோசின் கதை முடிந்துவிடவில்லை. அது குளிர்ச்சியை விரும்பும் பயிர். 2010 இலையுதிர்காலத்தில் மழை கெடுத்தபோது ஒரு கோசின் விலை 10,000 வோனைத் தாண்டியது. சியோல் மாநகராட்சி விலையில் ஒரு பகுதியைத் தானே ஏற்றுக் கோசு விற்றது. இன்று உணவகங்களில் பரிமாறப்படும் கிம்ச்சியில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருவது. கோடைக் கோசு விளையும் காங்வோன் மலைச்சரிவுகளிலும் வெப்பம் ஏறிவருகிறது. வெப்பம் தாங்கும் கோசுக்காக விதை வல்லுநர்கள் இப்போது உழைக்கிறார்கள்.

மார்கழி மாதத்தில் ஒரு சிட்டிகைக் கடுகை மண்தொட்டியில் தூவி நீர் தெளித்து வாருங்கள். ஏறத்தாழ ஒன்றரை மாதத்தில் மஞ்சள் நிறத்தில் பூக்கும். பூவொன்றைக் கிள்ளி இதழ்களை எண்ணுங்கள். நான்கு இருக்கும், சிலுவைபோல் எதிரெதிராக. பறிக்காமல் விட்ட முள்ளங்கியின் பூவையும் அதனருகில் வைத்துப் பாருங்கள். கொரியர் வயலில் விதைக்காக விட்ட சீனக் கோசு பூப்பதும் அதே அமைப்பில்தான்.