வாசல் நிறையச் செருப்பு, கல்லாவில் காசில்லை!
மும்பையில் நம்மவர் டிஸ்பென்சரிகளின் வரவு செலவு

மில்லிலும் ரயில்வேயிலும் துறைமுகத்திலும் உழைத்துப் பிள்ளைகளை டாக்டருக்குப் படிக்க வைத்த தமிழர்கள் மும்பையில் பலர் உண்டு. தகப்பனார் ஓய்வு பெறும் நேரமும் மகளோ மகனோ டிஸ்பென்சரி திறக்கும் நேரமும் பெரும்பாலும் ஒன்றாகவே வந்து சேரும். கிராஜுவிட்டியும் பி.எப். பணமும் தாராவியிலோ சயான் கோலிவாடாவிலோ ஒரு சிறு அறைக்கு டெபாசிட்டாகப் போய்விடும். ஓராண்டு கழித்துப் பார்த்தால் டிஸ்பென்சரி வாசலில் செருப்பு நிறைந்திருக்கிறது. ஆனால் டாக்டர் கையில் காசில்லை.

இது எப்படி என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தினம் 40 நோயாளிகள், ஆளுக்கு ரூ.150, மாதம் 25 நாள். வரவு ரூ.1,50,000. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வாடகை ரூ.40,000. கம்பவுண்டருக்கும் பெருக்கித் துடைக்கும் அம்மாளுக்கும் ரூ.22,000. மும்பைப் பழக்கப்படி டாக்டர் பீஸிலேயே இரண்டு நாள் மாத்திரையும் அடக்கம் என்பதால், மருந்து, ஊசி, பஞ்சு வகையில் ரூ.38,000. மின்சாரம், இதர செலவு ரூ.5,000. எல்லாம் போக நிற்பது ரூ.45,000.

மே மாதச் சோதனை

இந்த ரூ.45,000 ஆண்டு முழுவதும் வருவதில்லை. பள்ளி விடுமுறை வந்ததும் நம்மவர்கள் குடும்பத்தோடு திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் ரயிலேறி விடுகிறார்கள். அந்த நாட்களில் முன்பதிவுக் கவுண்டரில் நிற்கும் கூட்டத்தைத் தினம் பார்ப்பவன் நான். அத்தனை பேரும் யாரோ ஒரு டாக்டரின் நோயாளிகள்தானே! மே மாதத்தில் கூட்டம் பாதியானால் வரவு ரூ.75,000. மருந்துச் செலவும் பாதியாகும்; வாடகையும் சம்பளமும் பாதியாகுமா? செலவு ரூ.86,000. துண்டு விழுவது ரூ.11,000.

ஜூனில் மழை பிடித்ததும் மலேரியா, டெங்கு, வயிற்றுப்போக்கு என்று கூட்டம் திரும்புகிறது. செப்டம்பர் வரை நல்ல வரவு. அனுபவமில்லாத டாக்டர் அதைப் பார்த்துத்தான் ஏமாறுகிறார். மழைக்கால வருமானத்தை மாத வருமானமாக நினைத்து, குளிர்சாதனப் பெட்டி, கண்ணாடிக் கதவு, புதிய இ.சி.ஜி. கருவி என்று தவணைக்கு எடுக்கிறார். மாதத் தவணை ரூ.30,000 என்று வைத்துக்கொண்டால், சாதாரண மாதத்தில் நிற்பது ரூ.15,000தான். மே மாதத்திலோ ரூ.41,000 பள்ளம்!

தவணையை யார் கட்டுவது?

இந்தப் பள்ளத்தை நிரப்ப ஒரு சுலப வழி இருக்கிறது. இரத்தப் பரிசோதனை நிலையமும் ஸ்கேன் நிலையமும் நோயாளியை அனுப்பும் டாக்டருக்குப் பங்கு கொடுப்பதுண்டு. மும்பையில் இதற்குப் பெயர் 'கட்'. மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் இதைத் தடை செய்திருக்கின்றன. ஆனாலும் 5ஆம் தேதி வங்கித் தவணை நிற்கும்போது, தலைவலி என்று வந்தவருக்கு ஸ்கேன் எழுதக் கை நீளாது என்று சொல்ல முடியுமா? அந்தத் தலைவலிக்காரர் தினக்கூலி. இரண்டு வாரக் கூலி ஒரு படத்தில் போய்விடும். டாக்டரின் கடன் கடைசியில் நோயாளியின் தலையில்தான் இறங்குகிறது.

கடனே கூடாது என்பதல்ல. மதுரையில் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 58ஆம் வயதில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வீட்டை அடமானம் வைத்தார்கள். குடும்பத்துப் பெண்களின் நகைகள் அடகுக்குப் போயின. பணம் கொடுத்தவர்களிடமிருந்து வந்த வரவில் இல்லாதவர்களுக்கு இலவசமாக அறுவை சிகிச்சை நடந்தது. மிச்சத்தில் கட்டடம் மாடி மாடியாக எழுந்தது. கட்டடமும் கணக்கும் பார்க்க அவர் தம்பி சீனிவாசன் என்ற பொறியாளர் இருந்தார். டாக்டர் கண்ணைப் பார்த்தார், தம்பி காசைப் பார்த்தார். கடன் வாங்கியது படுக்கைக்கு, பகட்டுக்கு அல்ல. நம் டிஸ்பென்சரிகளில் இரண்டையும் ஒரே ஆள் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு, கடைசியில் ஒன்றை மட்டும் பார்க்கிறார்.

சட்டைப் பையும் கல்லாவும்

ரயில்வே கவுண்டரில் உட்காருமுன், சட்டைப் பையில் உள்ள சொந்தப் பணம் எவ்வளவு என்று ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். ஷிப்ட் முடிந்ததும் எண்ணி ஒப்படைக்க வேண்டும்; குறைந்தால் கையிலிருந்து கட்ட வேண்டும். டிஸ்பென்சரிக்கும் இதே முறை போதும். தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு, தினமும் இரவு கல்லா எண்ணி ஒரு நோட்டில் வரி. டாக்டர் தமக்கென்று ஒரு சம்பளம் நிர்ணயித்து, முதல் தேதி அதை மட்டும் வீட்டுக் கணக்குக்கு மாற்ற வேண்டும். மளிகைக்குக் கல்லாவில் கைவிடும் பழக்கம் இருக்கும்வரை லாபமா நஷ்டமா என்று யாருக்கும் தெரியாது. கையில் நான்கு மாத வாடகையும் சம்பளமும் சேரும்வரை புதுக் கருவி வேண்டாம் என்பது என் எண்ணம். அதுவரை இ.சி.ஜி.க்குப் பக்கத்து நர்சிங் ஹோமுக்கு அனுப்பினால் கௌரவம் குறையாது.

வரி விஷயத்தில் ஒரு வசதி உண்டு. ஆண்டு வரவு ரூ.50 லட்சத்துக்குள் இருந்தால், அதில் பாதியை வருமானமாகக் காட்டி வரி கட்டலாம். ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் வரம்பு ரூ.75 லட்சம். நம் போன்ற சம்பளக்காரர்களுக்கு வரி பிடித்துக்கொண்டுதான் சம்பளம் வரும். டாக்டருக்கு அப்படிப் பிடிக்க ஆளில்லை. இந்த முறையில் முழு முன்வரியையும் மார்ச் 15க்குள் கட்ட வேண்டும், அதுவும் மே மாதப் பள்ளத்துக்குச் சற்று முன்பாக! வரிப் பணத்தை மாதாமாதம் ஒதுக்கி வைப்பதே நல்லது. நோயாளிகள் நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டதால், தொழில் காப்பீட்டுப் பிரீமியத்தையும் செலவில் சேர்க்க வேண்டும்.

அப்பாவின் பணம்

ஓய்வுப் பணம் முழுவதையும் டிஸ்பென்சரியில் போடுவது தவறு. 60 வயதானவர்களுக்கான மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ரூ.30 லட்சம் வரை போடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். பெற்றோர் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் வேண்டியதை அங்கே போட்ட பிறகே மீதியைப் பற்றிப் பேச வேண்டும். அந்த மீதியையும் கடனாகக் கொடுப்பதே முறை. ரொக்கமாக வேண்டாம், ரூ.20,000 அல்லது அதற்கு மேற்பட்ட கடனை ரொக்கத்தில் வாங்கச் சட்டம் இடம் தராது. செக்கில் கொடுத்துப் புரோநோட்டு எழுதிக்கொள்ளலாம். பெற்ற மகளிடம் புரோநோட்டா என்று அம்மாமார்கள் கோபிப்பார்கள். அப்படி எழுதினால்தான் டிஸ்பென்சரிக் கணக்கில் அது கடன் என்று நிற்கும். அண்ணன் தம்பிகளுக்கும் பின்னால் பேச்சு எழாது. மே மாதத்துக்கு மட்டும் தவணை கிடையாது என்று அதிலேயே ஒரு வரி சேர்த்துவிடலாம்.