மேற்பார்வைக் கணினியின் குடிபெயர்ச்சி

வீட்டின் சாவிக்கொத்தை உள்ளேயே வைத்துக் கதவைப் பூட்டிவிட்டு வெளியில் நிற்பவனைக் கண்டால் யாவரும் நகைப்பர். ஆயின், கணினி நிலையங்களை நடத்துவோருள் மிகப் பலர் ஏறக்குறைய இச்செயலையே அறிந்தும் துணிந்தும் செய்து வருகின்றனர். அவர் செயல் பிழையன்று. ஆயினும் வெளியே ஒரு மாற்றுச் சாவி இருத்தல் வேண்டும். அது யாதென விளக்கவே இதனை எழுதப் புகுந்தேன்.

மெய்நிகர்க் கணினி என்பது யாது? நம் தருமபுரிச் சீமையில் உழவர் ஒரே புஞ்சையை வரப்பிட்டுப் பிரித்து, ஒரு பகுதியில் கேழ்வரகும் மற்றொன்றில் துவரையும் வேறொன்றில் நிலக்கடலையும் விளைவித்தல் போல, ஒரே இயந்திரத்தின் செயலியையும் நினைவகத்தையும் வன்தட்டையும் மென்பொருளொன்று பகுத்துப் பல கணினிகளாக நடத்துகிறது. இவ்வித்தை புதிதன்று, ஐ.பி.எம். கம்பெனி 1972-லேயே தன் பெருங்கணினிகளுக்கு இதனை அளித்தது. சாதாரணக் கணினிகளில் இதனைப் பரப்பிய விஎம்வேர் கம்பெனி 1998-ல் கலிபோர்னியாவில் தோன்றி, 2003-ல், பல இயந்திரங்களை ஓரிடத்திலிருந்து ஆளும் மேற்பார்வை மென்பொருளொன்றை வெளியிட்டது. விசென்டர் என்பது அதன் இற்றைப் பெயர்.

தருமபுரி மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் இத்தகைய இயந்திரங்கள் மூன்று உள எனக் கொள்வோம். மாணவர் சேர்க்கை, நூலகம், தேர்வு மதிப்பெண் ஆகியவற்றுக்குரிய மெய்நிகர்க் கணினிகள் அவற்றில் ஓடுகின்றன. மேற்பார்வை மென்பொருளோ மூலையிலுள்ள நான்காவதொரு பழைய விண்டோஸ் கணினியில் இருக்கிறது. மூன்றில் ஓர் இயந்திரம் பழுதுற்றால் அதிலிருந்த மெய்நிகர்க் கணினிகள் மற்ற இரண்டில் தாமே மீண்டும் எழும். மூலையிலுள்ள கணினியின் வன்தட்டுக் கெட்டாலோ அதனை எழுப்புவார் இல்லை. ஊரார்க்கெல்லாம் குடை பிடிப்பவன் தான் மழையில் நனைவது போன்றது இது. அன்றியும், 2020-ல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்து விண்டோஸில் இம்மென்பொருளை நிறுவும் வழியே நிறுத்தப்பட்டது. ஆதலின் குடிபெயர்ச்சி விருப்பமாயிருந்தது போய்க் கட்டாயமாயிற்று.

பெயர்க்கும் முறை வருமாறு: முதலில் தரவுத்தளத்துக்கு நகலெடுத்து வேறிடத்தில் வைத்தல் வேண்டும். பின்னர், புதிய மெய்நிகர்க் கணினியைத் தற்காலிக முகவரியொன்றில் எழுப்பிப் பழையதன் அமைப்புகளை அதனுள் கொண்டுவருவர். அது முடிந்ததும் பழையது அணைக்கப்பட, புதியது அதன் பெயரையும் முகவரியையும் ஏற்றுக்கொள்ளும். பெயர் மாறாதிருத்தல் இன்றியமையாதது. சான்றிதழ்களும் காப்புநகல் மென்பொருளும் அப்பெயரைக் கொண்டே அதனை அறியும். பழைய கணினியை உடனே அழித்துவிடலாகாது. புதியதில் கோளாறு கண்டால் அதனை அணைத்துவிட்டுப் பழையதை மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். இரண்டும் ஒருங்கே எழுந்தால் ஒரே பெயருக்கு இருவர் உரிமை கொண்டாடிக் குழப்பம் விளையும்.

இதுவரை எளிது. வேனிற்காலத்து மாலை மழையும் இடியும் வந்து மின்சாரம் நின்றபோதுதான் உண்மைச் சோதனை. மின்கலங்கள் தீருமுன் எல்லாவற்றையும் முறைப்படி அணைத்துவிட்டோம். மறுநாள் மின்சாரம் வந்து மூன்று இயந்திரங்களும் எழுந்தன. ஆயின், முறைப்படி அணைக்கப்பட்ட மெய்நிகர்க் கணினிகள் தாமே எழுவதில்லை. அவற்றை எழுப்புதற்கு மேற்பார்வைக் கணினியைத் தேடினால், அதுவும் அவற்றோடு உறங்குகின்றது! வாயிலில் சேர்க்கைக்கு வந்த பெற்றோர் காத்திருக்கின்றனர்.

இங்கேதான் மாற்றுச் சாவி வேண்டும். ஒவ்வோர் இயந்திரத்துக்குள்ளும் மேற்பார்வையாளரின் துணையின்றி நேரே நுழைய இயலும். அதற்கு அவ்வியந்திரத்தின் எண் முகவரியும் கடவுச்சொல்லும் போதும். எண் முகவரி என்றேன். ஏனெனில் பெயரை எண்ணாக மாற்றித் தரும் பெயர்ச்சேவைக் கணினியும் உள்ளேயே உறங்கக்கூடும். அதனையே முதலில் எழுப்பி, அடுத்து மேற்பார்வைக் கணினியை எழுப்புக. அது எந்த இயந்திரத்தில் இருக்கிறதென்று தேடி அலையாதிருக்க, அதற்கென ஓரிடத்தை முன்னரே குறித்துவிடுதல் நலம். இன்னொரு நுட்பமும் உண்டு. மேற்பார்வைக் கணினியே ஆளுகின்ற பகிர்வு வலையிணைப்பில் அதனைச் சாதாரண முறையில் மாட்டினால், அது அணைந்திருக்கும்போது அதன் இணைப்பைப் புதிதாக ஏற்படுத்த இயலாமற் போகலாம். ஆதலின் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் உரிய தனி வலையிணைப்பிலேயே அதனை விடுதல் தக்கது.

இக்குறிப்புகளையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கல்லூரி அலுவலகத்து இரும்புப் பெட்டியில் வைக்குமாறு கூறுவேன். அதே இயந்திரத்துள் ஒரு கோப்பாகச் சேமித்து வைக்கும் புத்திசாலிகளும் உளர். அவர்கட்கு என் வணக்கம்.

அஞ்சுவோர்க்கு ஒன்று சொல்ல வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர்க் கணினிகள் மேற்பார்வைக் கணினி நின்றதனால் நிற்பதில்லை. ஓரியந்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு ஓடும்போதே மாற்றுதல் முதலியனவே தடைப்படும். பழுதுற்ற இயந்திரத்திலிருந்தவற்றை மீட்டெழுப்பும் வேலையை இயந்திரங்கள் தமக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளும். அவ்வாறு மீட்கப்படுவனவற்றுள் இப்பொழுது மேற்பார்வைக் கணினியும் ஒன்று.

நிற்க. 2023 நவம்பரில் விஎம்வேர், பிராட்காம் கம்பெனியின் கைக்கு மாறியபின் உரிமக் கட்டண முறையும் மாறிற்று. சிறு நிலையங்கள் சில வியன்னா நகரத்துக் கம்பெனியின் பிராக்ஸ்மாக்ஸ் என்னும் மென்பொருளை நாடலாயின. அதில் தனி மேற்பார்வைக் கணினியே தேவையில்லை. மூன்றில் எந்த இயந்திரத்தினின்றும் மூன்றையும் ஆளலாம். ஆயின் அங்கும் ஒரு நிபந்தனை உண்டு: மூன்றில் இரண்டேனும் எழுந்து ஒன்றையொன்று கண்டாலன்றி, மூன்றாவது தனித்து நின்று தன்னிடமுள்ள ஒரு மெய்நிகர்க் கணினியையும் எழுப்பாது.