சொட்டுக்குள் ஒரு மழைக்கணக்கு

புத்தளம் மாவட்டத்து மாம்புரியில் குகை இல்லை, மணல்தான். பெய்த மழையை மணல் குடித்துவிட, அது அடியிலுள்ள உப்புநீரின் மேல் நன்னீராகத் தங்கி நிற்கும். மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் தோட்டக்காரர் இறைப்பது அதைத்தான். ஐப்பசி, கார்த்திகை மழை பிழைத்தும் இறைப்பு நிற்காவிட்டால் கிணறு சவராகிவிடும். மழை குறைந்ததை நாக்கே சொல்லிவிடும். ஆனால் அடுத்த நல்ல மழையோடு அந்தத் தடயம் கரைந்துபோகும்.

சுண்ணாம்புக்கல் குகையில் அப்படி இல்லை. மண்ணிலுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்ட மழைநீர், கல்லை அரித்தபடி கீழிறங்குகிறது. குகைக்குள் சொட்டும்போது அந்த வாயு பிரிய, கரைந்த சுண்ணாம்பு படிந்து கல்லாகிறது. புத்தளத்தில் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதும் இதே இரசாயனம்தான். அங்கே வாயுவை விரட்டுவது அடுப்பு.

வறட்சியில் பாறை வெடிப்புகளுக்குள் காற்று புகும். கல்சியத்தில் ஒரு பங்கு குகைக்கு மேலேயே படிந்துவிடும். மக்னீசியம் பெரும்பாலும் நீரோடு வந்துவிடும். ஆகவே சொட்டில் கல்சியத்தை ஒப்பிட மக்னீசியம் கூடியிருந்தால், மேலே ஈரம் குறைந்திருக்கலாம்.

மேகாலயாவில் சிரபுஞ்சிக்கு அருகிலுள்ள மவ்முளூ குகையின் கல் உலகப் புகழ் பெற்றது ஒட்சிசனால். பாரம் கூடிய ஒட்சிசன்-18 மேகத்திலிருந்து முந்தி விழுந்துவிடும். பெய்து பெய்து வரும் மேகத்தில் அது குறைவு. பருவமழையின் கடைசியில் அங்கே பெய்யும் நீரிலும் குறைவுதான். சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் படிந்த கல்லில் அது உயர்ந்திருந்ததைப் பருவமழை தளர்ந்ததன் அடையாளமாக ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். இன்று நாம் வாழும் புவிச்சரிதக் காலத்துக்கு 2018இல் 'மேகாலயன்' என்று பெயர் வந்தது இப்படித்தான்.

உடனே, சிந்துவெளி நாகரிகத்தைச் சாய்த்த வறட்சி நிரூபணமாகிவிட்டது என்று சிலர் எழுதினார்கள். ஒரு கல்லை நம்பி அவ்வளவு தூரம் போவது அவசரம். மேகம் எந்தக் கடலிலிருந்து வந்தது என்பதும் ஒட்சிசனை மாற்றும். அதோடு ஒரே குகையில் பக்கத்துப் பக்கத்துச் சொட்டுகளே ஒத்துப்போவதில்லை. ஒன்று வெடிப்பு வழியே சில நாளில் இறங்கும். மற்றது நுண்துளைகளில் தேங்கி, பல மாத மழையைக் கலந்து தரும்.

அதனால்தான் கல்லை அறுக்குமுன் சொட்டைக் கவனிக்கிறார்கள். குகைக்கு மேலே மழைமானி, உள்ளே சொட்டெண்ணும் கருவி, பக்கத்தில் நீர் பிடிக்கப் போத்தல். ஒரு மழைக்காலம் போதாது. சில ஆண்டுகளாவது பிடித்துப் பார்த்தால்தான், எந்தச் சொட்டு எத்தனை நாள் பழைய மழை என்பது பிடிபடும்.