ஷாக் அடிக்காத மின்சாரம்

ஈரக்கையால் சுவிட்சைத் தொடவே அஞ்சும் நாம், வயிற்றில் சிறு துவாரமிட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி சிகிச்சையில் மின்சாரமே கத்தியாகப் பிரயோகமாகும்போது நோயாளிக்கு ஷாக் அடிக்காதது ஏன் என்று யோசித்ததுண்டா? 1926-ல் பாஸ்டன் நகரில் ஹார்வி குஷிங் என்னும் மூளை அறுவை நிபுணர், போவி என்ற விஞ்ஞானி அமைத்த கருவியால் நிரூபித்துக் காட்டிய அற்புதம், மின்சாரத்தால் அறுக்கும் இந்த முறை. வீட்டு மின்சாரம் விநாடிக்கு ஐம்பது முறை அலைந்து நரம்பை உலுக்குகிறது. அறுவைக் கருவியின் மின்சாரமோ லட்சக்கணக்கான முறை அலைவதால், நரம்புக்குத் துடிக்க அவகாசமே இல்லை. கொக்கி போன்ற முனை தொட்ட இடத்தில் மட்டும் உஷ்ணம் திரண்டு, திசுவை அறுத்து, சிறு ரத்தக் குழாய்களையும் அடைத்துவிடுகிறது. மின்சாரம் தொடையில் ஒட்டிய அகன்ற தகட்டின் வழியே கருவிக்குத் திரும்புகிறது. வழிதவறி, உடலில் அணிந்த உலோகத்தில் பாய்ந்தால் தோல் வெந்துபோகுமல்லவா? அரியலூர் பக்கம் செந்துறையிலிருந்தோ பெரம்பலூர் பக்கம் வேப்பந்தட்டையிலிருந்தோ ஆபரேஷனுக்கு வரும் தாய்மாரிடம் மெட்டியைக் கழற்றித் தாருங்கள் அம்மா என்று நர்ஸ் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.