நெருஞ்சிமுள்ளும் ரியூப் இல்லாத ரயரும்

தீவகத்திலே வாழ்பவர்கள் மணிக்கூட்டைப் பார்ப்பதிலும் படகு நேரத்தையே அதிகம் பார்ப்பவர்கள். குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகைத் தவறவிட்டவர், அடுத்த படகு புறப்படும்வரை கடலையும் வானத்தையும் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். பரீட்சைக்குப் போகும் மாணவனாயினும் சரி, மருந்து வாங்கித் திரும்பும் தாயாயினும் சரி, எவருக்காகவும் கடல் காத்திருப்பதில்லை. நானும் ஒரு நாள் அவ்வாறு படகைத் தவறவிட்டேன். அதற்குக் காரணம் புயலுமன்று, மழையுமன்று. கடலையளவேயான ஒரு நெருஞ்சிமுள்!

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் மருமகனும் நானும் அன்று விடியற்காலையில் ஊர்காவற்றுறையிலிருந்து சைக்கிளிற் புறப்பட்டோம். வேலணை வங்களாவடியைக் கடந்து, வாணர் பாலத்தின் வழியாகப் புங்குடுதீவை அடைந்து, குறிகட்டுவானுக்குச் செல்வது எங்கள் எண்ணம். வழியிலே நேரத்தை மிச்சம் பிடிக்கலாமென்று ஒரு கிறவல் ஒழுங்கையில் இறங்கினோம். சிறிது தூரம் சென்றதும் என் வண்டியின் பின்சில்லு 'சீ' என்று சீறி அடங்கிவிட்டது. மருமகனின் வண்டிக்கோ ஒன்றும் நேரவில்லை. இத்தனைக்கும் எனக்கு முன்னே, அதே நெருஞ்சிப் பற்றைமீது சென்றவன் அவன்தான்.

"என்ன தம்பி இது மாயம்?" என்று கேட்டேன்.

"மாயமில்லை மாமா. என்ரை ரயருக்குள்ளை ரியூப் இல்லை. பால்தான் இருக்குது" என்றான் அவன் சிரித்துக்கொண்டே.

ஒட்டுப் போட்டு முடித்து நாங்கள் இறங்குதுறையை அடைந்தபோது படகு நடுக்கடலில் இருந்தது. அன்று தொடங்கியதே ரியூப் இல்லாத ரயரைப்பற்றிய என் ஆராய்ச்சி.

முள்ளும் கல்லும்

நம் தீவுகளின் ஒழுங்கைகளிலே சைக்கிளுக்குப் பகைவர் இருவர். ஒருவர் முள், மற்றவர் கல். நெருஞ்சியின் காய் முற்றியதும் துண்டுகளாகப் பிரிகின்றது. அத்துண்டு எப்படிக் கிடந்தாலும் அதன் முட்களில் ஒன்று மேல்நோக்கியே நிற்கும். மென்மையான பாதத்தை உறுத்துவதற்கு உவமையாகத் திருவள்ளுவர் எடுத்துக்கொண்டதும் நெருஞ்சியையே. பழைய உலகத்துச் செடியாகிய இது அமெரிக்காவிலும் குடியேறி, அங்குள்ள சைக்கிளோட்டிகளையும் வாட்டுகின்றது. ஐடஹோ மாநிலத்தின் போய்சி நகரிலே நெருஞ்சியின் பெயராலேயே ஒரு சைக்கிள் விழா நடத்தி, நகரத்தவரைக்கொண்டு அச்செடியைப் பிடுங்கிச் சேர்க்கச் செய்திருக்கின்றார்கள்.

கல் செய்யும் தீங்கு வேறு வகையானது. மக்கியும் கிறவலும் பரப்பிய வீதியிலே சில்லு கூரிய கல்லொன்றில் மோதும்போது, கல்லுக்கும் றிம்முக்கும் இடையில் ரியூப் நசுங்குகின்றது. கழற்றிப் பார்த்தால் பாம்பு தீண்டிய வடுப்போல இரண்டு துவாரங்கள் அருகருகே காணப்படும். காற்றுக் குறைவாக இருந்தாலே இது நிகழும். அதனால் நாம் காற்றை இறுக அடிக்கின்றோம். இறுக அடித்தாலோ வண்டி கல்லுக்குக் கல் துள்ளுகின்றது, நாரி நோகின்றது, மணலிலே சில்லு புதைகின்றது. இந்த இரண்டக நிலைக்கே ரியூப் இல்லாத ரயர் ஒரு வழி காட்டுகின்றது. நசுங்குவதற்கு உள்ளே ரியூப் இல்லையாதலால், காற்றைக் குறைத்து, மெத்தென்று ஓடலாம்.

ஒரு தந்தையின் கண்டுபிடிப்பு

காற்று நிரப்பிய ரயருக்கு 1845ஆம் ஆண்டிலேயே தொம்சன் என்பவர் காப்புரிமை பெற்றாராயினும், அது வழக்கத்தில் நிலைக்கவில்லை. 1887இல் பெல்பாஸ்ற் நகரில் வாழ்ந்த கால்நடை வைத்தியர் டன்லொப், தம் மகனின் மூன்று சில்லு வண்டி கற்தெருவிலே குலுங்குவதைக் கண்டு, காற்று நிரப்பிய ரயரை மீண்டும் உருவாக்கினார். 1891இல் பிரான்சின் மிச்செலின் சகோதரர்கள், எளிதிற் கழற்றி ஒட்டுப் போடக்கூடிய ரயரை வெளியிட்டனர். நம் சைக்கிள் கடைகளிலே தண்ணீர்ச் சட்டியும் சொலுசனும் வைத்து நடைபெறும் தொழில் அந்த வழியில் வந்ததே.

மோட்டார் காருக்குரிய ரியூப் இல்லாத ரயரை 1947இல் அமெரிக்கக் குட்ரிச் கொம்பனி அறிவித்தது. சைக்கிளுக்கு அது முறையாக வந்தது 1999இலே. பிரெஞ்சுக் கொம்பனிகள் சில கூடி, ரயரும் றிம்மும் காற்றுப் புகாதபடி ஒன்றையொன்று கவ்வும் ஓர் அளவுமுறையை ஏற்படுத்தின. அடுத்துவந்த ஆண்டுகளிலே, துளையைத் தானே அடைக்கும் பாலும் பரவலாயிற்று.

இந்தப் 'பால்' நமக்குப் புதியதன்று. அவற்றுட் பெரும்பாலானவற்றின் மூலப்பொருள் இறப்பர்ப் பாலே. 1876இல் கியூ பூந்தோட்டத்திலிருந்து வந்த இறப்பர்க் கன்றுகள் நம் நாட்டின் ஹெனரத்கொடைத் தோட்டத்திலே நடப்பட்டன என்பதை மாணவர்கள் படித்திருப்பர். அந்த மரத்தின் பாலில் நுண்ணிய துணிக்கைகளைக் கலந்து ரயருக்குள் ஊற்றுகின்றார்கள். முள் குத்தியதும் உள்ளிருக்கும் காற்று பாலைத் துளையை நோக்கித் தள்ளுகின்றது. துணிக்கைகள் துளையிலே சிக்க, பால் உறைந்து அதனை மூடிவிடுகின்றது. நெருஞ்சி போன்ற முள் ஏற்படுத்தும் துளைக்கு இது போதும். பெரிய துளையாயின் பசையூட்டிய இறப்பர்த் திரியொன்றை வெளியிலிருந்தே செருகி அடைக்கலாம்.

தெரிந்தெடுக்கும் முறை

முதலிற் பார்க்க வேண்டியது விலையன்று. ரயரின் பக்கத்திலே பொறித்திருக்கும் இலக்கம். 40-622 என்றிருந்தால், 40 என்பது மில்லிமீற்றரில் அகலம். 622 என்பது ரயரின் விளிம்பு றிம்மில் அமரும் வட்டத்தின் விட்டம். '28 அங்குலம்' என்ற பெயரை நம்பி ஏமாறாதீர்கள். நம் பாட்டன்மார் ஓட்டிய பெரிய சைக்கிளின் 28 × 1½ ரயருக்கு அவ்விட்டம் 635. வேறொரு வகை 28 அங்குல ரயருக்கோ 622. ஒன்று மற்றதன் றிம்மிற் பொருந்தாது. 26 × 1⅜ ரயரின் விட்டம் 590. மலைச் சைக்கிளின் 26 அங்குல ரயரினது 559. ரியூப் இல்லாத கிறவல் ரயர்கள் பெரும்பாலும் 622, 584 ஆகிய அளவுகளிலேயே வருகின்றன.

இரண்டாவது, றிம். ரயர், றிம் ஆகிய இரண்டுமே ரியூப் இன்றி ஓடுவதற்கென்று செய்யப்பட்டவையாக இருத்தல் வேண்டும். பழைய இரும்பு றிம்மில் ரயரின் விளிம்பை இறுகப் பற்றும் அமைப்பு இல்லை. அதன்மேல் நாடாவை ஒட்டிப் பால் ஊற்றிச் சோதனை செய்வது ஆபத்தானது. ஓடும்போது ரயர் கழன்றால் விழுபவர் நம் பிள்ளையே. சில புதிய றிம்களுக்கு விளிம்பில் வளைவு கிடையாது. அவற்றிலே, அவற்றுக்கு ஏற்றதெனக் குறிக்கப்பட்ட ரயரையே பூட்டவேண்டும். காற்றும் 5 பார், அதாவது சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 72 இறாத்தல் என்ற அளவைத் தாண்டக்கூடாது.

மூன்றாவது, அகலம். தார் வீதியும் ஒழுங்கையும் மாறிமாறி வரும் பயணத்துக்கு 38 முதல் 42 மில்லிமீற்றர் வரை நன்று. மணலே மிகுதியாயின் 45 நலம். ஆனால் ரயருக்கும் வண்டிச் சட்டத்துக்கும் இடையே இருபுறமும் ஒரு சிறுவிரல் நுழையும் இடைவெளியாவது இருக்கின்றதா என்று பாருங்கள். சேறும் கல்லும் அங்கேதான் சிக்கும்.

நான்காவது, மேற்பரப்பும் பக்கச்சுவரும். நடுவிலே தாழ்ந்த, நெருக்கமான புள்ளிகளும் ஓரத்திலே உயர்ந்த குமிழ்களும் உடைய ரயர், தார் வீதியிலே இலகுவாக உருண்டு, மணலில் திரும்பும்போது பிடிப்பையும் கொடுக்கும். நெடுந்தீவுக்குப் போகின்றவர்கள் பக்கச்சுவர் தடித்த ரயரையே வாங்கவேண்டும். பவளப் பாறைக் கற்களை அடுக்கி வேலி கட்டிய தீவு அது. வீதியோரம் எங்கும் அந்தக் கல்லின் கூரிய முனைகள். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்திலே 2006 முதல் நடைபெற்றுவரும் புகழ்பெற்ற கிறவல் ஓட்டத்திலும், தீக்கற்கள் ரயரின் பக்கச்சுவரை வெட்டுவதே போட்டியாளர்களின் பெருங்கவலை. பக்கச்சுவர் நீளமாகக் கிழிந்தால் எந்தப் பாலும் அதனை அடைக்காது.

ஐந்தாவது, காற்று. 70 கிலோகிராம் நிறையுள்ளவர் 40 மில்லிமீற்றர் ரயரில் 35 இறாத்தலளவில் தொடங்கி, பின்சில்லுக்குச் சிறிது கூட்டியும் முன்சில்லுக்குச் சிறிது குறைத்தும் பார்க்கலாம். கல்லிலே றிம் 'டக்' என்று இடித்தால் காற்றுப் போதாது. வண்டி துள்ளினால் காற்று மிகை.

வெயிலின் வேலை

இவ்வளவும் வாசித்தவர், "நாளைக்கே மாற்றிவிடுவோம்" என்று எண்ணலாம். சற்றுப் பொறுங்கள். என் கதையின் பிற்பகுதி இனித்தான் வருகின்றது.

மருமகன் திரும்பிப் போகும்போது அந்தச் சைக்கிளை என்னிடம் விட்டுச் சென்றான். ஐந்து மாதம் அது விறாந்தையிலே நின்றது. ஒரு நாள் எடுத்துப் பார்த்தால் இரண்டு சில்லிலும் காற்றில்லை. கைப்பம்மினால் எவ்வளவு அடித்தும் நிரம்பவில்லை. ஊரிலே எங்களுக்கு வழக்கமாக ஒட்டுப் போடும் அண்ணையிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் ரயரைக் கழற்றியதும், உள்ளே பால் முழுவதும் காய்ந்து தோலாக ஒட்டியிருக்கக் கண்டோம். நம் வெயிலிலே பால் இரண்டு மூன்று மாதத்தில் வற்றிவிடும். ஒவ்வொரு ரயருக்கும் சுமார் 60 மில்லிலீற்றர் பாலை அவ்வப்போது புதிதாக ஊற்றவேண்டும். இது எனக்குத் தெரியாமற் போயிற்று.

அண்ணை ரயரின் உட்புறத்தை விரல்களால் மெல்லத் தடவிக்கொண்டே வந்தார். பின்னர் குறட்டினால் ஒன்றொன்றாகப் பிடுங்கிக் கடதாசியில் வைத்தார்.

"தம்பி, இஞ்சை பாருங்கோ. ஒண்டு ரெண்டில்லை, ஒன்பது முள்ளு! ஓடின பிள்ளைக்கு ஒண்டுமே தெரிஞ்சிருக்காது" என்றார்.

அன்று நான் ஒரு முள்ளுக்குப் படகை இழந்தேன். அவன் ஒன்பது முட்களைச் சுமந்துகொண்டு ஓடியிருக்கின்றான்! அந்த முட்களை எல்லாம் எடுத்தபின், வால்வைக் கழற்றிவிட்டு, ரயருக்குள் சாதாரண ரியூபைப் போட்டு என்னை வீட்டுக்கு அனுப்பினார் அண்ணை. ரியூப் இல்லாத ரயரிலும் ரியூப் போடலாம் என்பதை அன்றுதான் அறிந்தேன். ஆகவே இத்தகைய ரயரில் தூரம் செல்பவர்கள் ஒரு ரியூபையும் சிறு பம்மையும் இறப்பர்த் திரியையும் பையில் வைத்திருப்பது அவசியம்.

யாருக்கு எது?

கிறவல் ஒழுங்கைகளிலே நாள்தோறும் நெடுந்தூரம் செல்பவர், ஏற்ற றிம் உடையவர், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பால் ஊற்றும் பொறுமையுள்ளவர் ஆகியோர் ரியூப் இல்லாத ரயரைத் தாராளமாக வாங்கலாம். பெரிய சைக்கிளிலே பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு அது வேண்டியதில்லை. முட்தாங்கும் பட்டை வைத்த தடித்த ரயரும், நல்ல ரியூபும், அளவான காற்றுமே அப்பிள்ளைக்குப் போதும். 1990களில் எரிபொருள் அரிதாகி யாழ்ப்பாணமே சைக்கிளிற் சென்ற காலத்திலும், 2022இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலத்திலும், நம்மைச் சுமந்தவை ஒட்டுமேல் ஒட்டுப் போட்ட ரியூப்களே.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. விலையுயர்ந்த ரயரை வாங்கிக் கொடுப்பதற்கு முன், ரயரைக் கழற்றவும், முள்ளைத் தடவிக் கண்டுபிடிக்கவும், ஒட்டுப் போடவும் பிள்ளைக்குக் கற்றுக்கொடுங்கள். அது பெண்பிள்ளைக்கும் வேண்டும். ஊர்காவற்றுறைப் பாதையில் சைக்கிளை ஏற்றிக் காரைநகருக்குப் போகும் பிள்ளையும், குறிகட்டுவானுக்கு விரையும் பிள்ளையும் எந்த ரயரில் ஓடினாலும், நடுவழியில் உதவப்போவது தம் கைப்பழக்கமே.

அந்த ஒன்பது முட்களையும் ஒரு சிறு போத்தலில் இட்டு என் மேசைமீது வைத்திருக்கின்றேன். இரண்டு மாதம் கடந்ததும் பால் ஊற்றவேண்டும் என்பதை அது எனக்கு நினைவூட்டுகின்றது.