கேமராக் கண்ணும் பெண்ணும்

கௌதள்ளியில் கடையைச் சாத்திவிட்டு, இரவில் பேத்தியோடு துப்பறியும் தொடர் பார்ப்பது என் வழக்கம். ஒருநாள் அவள் கேட்டாள்: "செத்துக் கிடக்கிற பொண்ணை ஏன் தாத்தா கால்லேர்ந்து தலைவரைக்கும் மெதுவா காட்டுறாங்க? கொள்ளேகால் பஸ்ஸுல சிலபேர் அப்படித்தான் பாக்குறாங்க." எனக்குச் சுருக்கென்றது.

கேமராவைத் தாழ வைத்து அண்ணாந்து காட்டினால் ஆள் ஓங்கித் தெரிவார். மேலிருந்து காட்டினால் ஒடுங்கிப்போவார். பல தொடர்களில் துப்பறிபவருக்கு முதலாவது, பெண்ணுக்கு இரண்டாவது. உடலை மேய்ந்தபடி கேமரா நகரும்போது, நாமும் குற்றவாளியின் கண்ணால்தான் பார்க்கிறோம்.

2019இல் ரிச்சி மேத்தா இயக்கத்தில் வந்த 'டெல்லி கிரைம்' வேறு வழியில் போனது. 2012 டிசம்பர் டெல்லிக் கொடுமையைத் தழுவிய கதை. ஆனால் அக்கொடுமையைத் திரையில் காட்டவே இல்லை. விசாரிக்கும் அதிகாரியாக நடித்த ஷெஃபாலி ஷாவின் முகத்தை நெருங்கிக் காட்டி, கோபத்தையும் களைப்பையும் உணர்த்தினார்கள். 2020இல் சர்வதேச எம்மி விருதும் கிடைத்தது.

நம் இளங்கோவடிகளும் கண்ணகியை அழுபவளாக மட்டும் விடவில்லையே! சிலம்பை உடைத்து, உள்ளே இருப்பது மாணிக்கம் என்று காட்டி, வழக்கை அவளே நிரூபிக்கிறாள்.

ஆகவே, பெரியோர்களே, டிவியை அணைப்பதைவிட, "இதை யார் கண்ணால பாக்குறோம்?" என்று பிள்ளைகளிடம், முக்கியமாகப் பையன்களிடம், கேளுங்கள்.