சேவல் கொண்டை கறுக்குதா? உஷார்! குளிரைவிட ஈரமும் புகையும்தான் எமன்

ஊட்டி:-

நீலகிரியில் நவம்பர் கடைசியில் இருந்து பிப்ரவரி வரை உறைபனி வாட்டி எடுக்கும். தலைகுந்தா, காந்தல் போன்ற இடங்களில் வெப்பநிலை 0 டிகிரி வரை இறங்குவதும் உண்டு. காலையில் எழுந்து பார்த்தால் புல்வெளி உப்பு கொட்டியது மாதிரி கிடக்கும்.

நாம் ஸ்வெட்டர், குல்லா, கம்பளி என்று சமாளித்து விடுகிறோம். வீட்டுக்குப் பின்னால் கூண்டில் இருக்கும் கோழி என்ன செய்யும்?

'ஐயோ பாவம்' என்று கூண்டை தார்ப்பாயால் சுற்றி மூடி, உள்ளே கரிச்சட்டி வைப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கேதான் வினை ஆரம்பம்.

மூடிய இடத்தில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வாயு உருவாகும். அதற்கு வாசனை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. இரவில் நன்றாக இருந்த கோழிகள் காலையில் செத்துக் கிடக்கும். அடைத்த அறையில் கரி அடுப்பு வைத்து தூங்கிய மனிதர்களே மலை ஊர்களில் இறந்து போயிருக்கிறார்கள். கோழி எம்மாத்திரம்?

குளிரை தாங்குமா?

வளர்ந்த கோழி நாம் நினைப்பதைவிட நன்றாகவே குளிர் தாங்கும். அதன் உடல் சூடு சுமார் 41 டிகிரி. இறகை உப்பி காற்றை உள்ளே பிடித்து வைத்துக் கொள்ளும். அதுதான் அதன் கம்பளி.

ஆனால் இறகு நனைந்தால் கதை முடிந்தது. கூண்டை காற்றுப் போகாமல் மூடினால் கோழி விடும் மூச்சும், எச்சத்தின் ஈரமும் உள்ளேயே தங்கி விடும். எச்சத்தில் இருந்து கிளம்பும் அமோனியா நெடி நுரையீரலையும் கெடுக்கும்.

சேவலுக்குத்தான் முதல் அடி

கொண்டையிலும் தாடியிலும் இறகு கிடையாது. சேவலுக்கு இவை இரண்டும் பெரிசு. அகலப் பாத்திரத்தில் தண்ணீர் குடிக்கும்போது தாடி நனையும். அந்த ஈரத்தோடு பனியில் நின்றால் கொண்டை நுனி வெளுத்து, பிறகு கறுத்து, கடைசியில் உதிர்ந்தே போகும்.

அழகு போச்சே என்பதோடு இது நிற்காது. பனியில் அடிபட்ட சேவலுக்கு சில வாரம் வரை விந்து சக்தி குறையலாம். பெட்டை 21 நாள் பட்டினி கிடந்து அடை காத்தும் அத்தனையும் கூமுட்டை ஆனால் நஷ்டம் யாருக்கு?

ஒற்றைக் கொண்டை சேவலுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். அசீல் சண்டைச் சேவலுக்கு கொண்டை சின்னது, அதனால் தப்பிக்கும். கழுத்தில் இறகில்லாத ரகம் வெயிலுக்கு ஏற்றது, மலைக் குளிருக்கு ஆகாது.

முதல் கூவல் யாருடையது?

சேவல் வெளிச்சத்தை பார்த்து மட்டும் கூவுவதில்லை. அதன் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2013-ல் இதை நிரூபித்தனர். கூட்டத்தில் அந்தஸ்தில் முதலிடத்தில் இருக்கும் சேவல்தான் முதலில் கூவும், மற்றவை வரிசைப்படி பின்னால் கூவும் என்பதும் 2015-ல் தெரிய வந்தது.

எனவே தினமும் முதலில் கூவும் சேவல் திடீரென்று அடங்கிப் போனால், போய் ஒரு பார்வை பாருங்கள். தீனி கிடைத்தால் 'கொக் கொக்' என்று பெட்டைகளை கூப்பிட்டு தின்ன வைக்கும் சேவல், கூப்பிடாமல் ஓரமாக இறகை உப்பி நிற்கிறதா? அதற்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

என்ன செய்யணும்?

* கூண்டின் மேல்பக்கம் காற்றுப் போக இடைவெளி விடுங்கள். கோழி மேல் நேராக காற்று அடிக்கக் கூடாது.

* தரையில் காய்ந்த மரத்தூள் அல்லது உமி போடுங்கள். நனைந்ததை உடனே அள்ளி விடுங்கள்.

* கோழி ஏறி உட்காரும் கட்டை அகலமாக இருக்கட்டும். அப்போதுதான் விரல் மீது வயிற்று இறகு மூடும்.

* சாயங்காலம் ஒரு கை மக்காச்சோளம் கொடுங்கள். இரவில் அது செரிக்கும்போது உடம்பில் சூடு உண்டாகும்.

* வாய் சின்னதான பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் வையுங்கள்.

* குஞ்சுகளுக்கு மட்டும் தனி சூடு கட்டாயம் வேண்டும். முதல் வாரம் சுமார் 35 டிகிரி தேவை. பல்பு போட்டால் மரத்தூளில் படாமல் உயரத்தில் கட்டுங்கள்.

கொண்டை வெளுத்துப் போனால் தேய்க்கக் கூடாது, தீயிலும் காட்டக் கூடாது. குளிர் இல்லாத இடத்தில் வைத்து, வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை மெதுவாக ஒற்றி எடுத்து, ஈரம் போக துடைத்தால் போதும்.

பனியா, நோயா?

நுனி மட்டும் கறுத்தால் அது பனியாக இருக்கலாம். கொண்டை முழுவதும் நீலம் பாய்ந்து, தீனி எடுக்காமல், பச்சையாக கழிந்து, கழுத்து திருகினால் அது நோய். உடனே அந்த கோழியை பிரித்து வைத்து கால்நடை மருந்தகத்துக்கு சொல்லுங்கள். கருங்கோழிக்கு கொண்டை பிறவியிலேயே கறுப்புதான், பயப்பட வேண்டாம்.

இன்று இரவு கூண்டை அடைக்கும்போது உள்ளே கையை விட்டுப் பாருங்கள். மரத்தூள் காய்ந்திருக்கிறதா? நெடி அடிக்கவில்லையா? அப்படியானால் கரிச்சட்டி வேண்டவே வேண்டாம். காலையில் சேவலே 'கொக்கரக்கோ' என்று உங்களை எழுப்பும்.